ஹைபிரிட் காரில் ‘பேட்டரி போச்சு’ என்றால் எந்த பேட்டரி?

எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் கார் வைத்திருப்பவரிடம் யாராவது ‘பேட்டரி போச்சு’ என்று சொன்னால், அவர் முதலில் திருப்பிக் கேட்க வேண்டியது ‘எந்த பேட்டரி?’ என்றுதான். அந்தக் கேள்வியைக் கேட்காததால் வீண் பயம் வருகிறது, வீண் செலவும் வருகிறது. ஒரு காலையில் காரைத் திறந்து பட்டனை அழுத்துகிறார்கள். டாஷ்போர்டில் ஏழெட்டு எச்சரிக்கை விளக்குகள் ஒன்றாக எரிகின்றன: பிரேக், ஏபிஎஸ், ஸ்டீயரிங், ‘ஹைபிரிட் சிஸ்டத்தைப் பரிசோதிக்கவும்’ என்று ஒரு வரி. இத்தனை விளக்கு எரிந்தால் ஏதோ பெரியதுதான் கெட்டுவிட்டது என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. பல நேரம் கெட்டிருப்பது காரிலேயே மிகச் சாதாரணமான ஒரு பொருள்.

அதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. வோல்டேஜை அளக்கும் ஒரு சாதாரண மல்டிமீட்டரும், எதை எந்த வரிசையில் பார்ப்பது என்ற தெளிவும் போதும். அந்த வரிசை ஏன் அப்படி இருக்கிறது என்று புரிந்துகொண்டால் எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

ஒரே காரில் இரண்டு பேட்டரிகள்

முழு ஹைபிரிட் காரில், அதாவது மின்மோட்டாரால் மட்டுமே கொஞ்ச தூரமாவது ஓடக்கூடிய காரில், இரண்டு பேட்டரிகள் இருக்கும்.

முதலாவது, சக்கரத்தைச் சுற்றும் மோட்டாருக்கு மின்சாரம் தரும் பெரிய பேட்டரி. இதை உயர் அழுத்த பேட்டரி என்பார்கள். இரண்டாம், மூன்றாம் தலைமுறை டொயோட்டா பிரியஸில் இதன் பெயரளவு மின்னழுத்தம், அதாவது வோல்டேஜ், 201.6 வோல்ட். 28 தொகுதிகள், ஒவ்வொன்றிலும் 1.2 வோல்ட் தரும் 6 செல்கள். எல்லாவற்றையும் வரிசையாகக் கோத்தால் அந்த எண் வரும். வேறு கார்களில் அளவு மாறும், அமைப்பு இதேதான்.

இரண்டாவது, ஏறக்குறைய எல்லாக் கார்களிலும் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி. விளக்கு, கதவுப் பூட்டு, ஹாரன், கணினிகள் எல்லாம் இதை நம்பித்தான் இருக்கின்றன. சில கார்களில் இது பானட்டுக்கு அடியில் இருக்கும். பலவற்றில் டிக்கியிலோ பின் சீட்டுக்கு அடியிலோ ஒளிந்திருக்கும். காரின் கையேட்டைப் பார்த்து இடத்தைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ஹூண்டாய், கியா ஹைபிரிட்களில் சில மாடல்களில் இந்த 12 வோல்ட் பேட்டரியும் லித்தியம் வகையாக, பெரிய பேட்டரியோடு ஒரே பெட்டிக்குள் இருக்கும். அவற்றுக்குத் தனி வழிமுறை உண்டு. கீழே வரும் அளவுகள் ஈய-அமில வகை 12 வோல்ட் பேட்டரிக்கானவை.

பெரியது நிறைந்திருந்தும் கார் ஏன் எழவில்லை?

ஒரு பெரிய கிடங்கை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே சரக்கு நிறைய இருக்கிறது. கதவைத் திறக்கும் சாவி மட்டும் வாசலில் நிற்கும் காவலாளியிடம் இருக்கிறது. அவர் உடம்பு முடியாமல் படுத்துவிட்டால் உள்ளே எவ்வளவு சரக்கு இருந்தும் வெளியே வராது. 12 வோல்ட் பேட்டரிதான் அந்தக் காவலாளி.

இதன் உண்மையான இயக்கம் இப்படி. கார் நிற்கும்போது பெரிய பேட்டரி முழுவதுமாகத் துண்டிக்கப்பட்டிருக்கும். அதன் கம்பிகளுக்கு நடுவே ரிலேக்கள் உள்ளன. ரிலே என்றால் சிறிய மின்சாரத்தைக் கொண்டு பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் ஸ்விட்ச். ஸ்டார்ட் பட்டனை அழுத்தியதும் 12 வோல்ட் மின்சாரத்தில் கணினிகள் விழிக்கின்றன. ஒன்றையொன்று விசாரித்து, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று உறுதி செய்துகொள்கின்றன. அப்புறம்தான் ரிலேக்கள் ‘டக்’ என்று மூடிக்கொண்டு பெரிய பேட்டரியை இணைக்கின்றன. டாஷ்போர்டில் ‘ரெடி’ என்று வருவது அதற்குப் பிறகுதான்.

‘ரெடி’ வந்த பின் வேலை திசை மாறுகிறது. சாதாரண காரில் எஞ்சினோடு சுற்றி 12 வோல்ட் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் இங்கே பொதுவாக இருக்காது. அதற்குப் பதில் டிசி-டிசி கன்வெர்ட்டர் என்ற பெட்டி, பெரிய பேட்டரியின் உயர் அழுத்தத்தைச் சுமார் 14 வோல்ட்டாகக் குறைத்து 12 வோல்ட் பக்கத்துக்கு அனுப்புகிறது.

சுருக்கமாக: காரை எழுப்புவது சின்ன பேட்டரி, ஓட்டுவது பெரிய பேட்டரி, எழுந்த பிறகு சின்னதுக்குச் சார்ஜ் போடுவது டிசி-டிசி கன்வெர்ட்டர்.

முன்னறிவிப்பே இல்லாமல் படுத்துவிடும்

சாதாரண காரில் பேட்டரி தளரும்போது அது நமக்குக் காதால் தெரியும். ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியர் வேண்டும். பேட்டரி பலவீனமானால் எஞ்சின் இழுத்து இழுத்துச் சுற்றும். ‘சரி, பேட்டரியைப் பார்க்கணும்’ என்று சில வாரங்களுக்கு முன்பே நமக்குப் புரிந்துவிடும்.

பெரும்பாலான முழு ஹைபிரிட்களில் 12 வோல்ட் ஸ்டார்ட்டர் மோட்டாரே கிடையாது. எஞ்சினைச் சுற்றிவிடுவது உயர் அழுத்த மோட்டார். 12 வோல்ட் பேட்டரி கணினிகளையும் ரிலேக்களையும் எழுப்பினால் போதும். அதனால் முக்கால்வாசி செத்துப்போன பேட்டரிகூடப் பல நாள் காரை எழுப்பிக்கொண்டே இருக்கும்; இழுவைச் சத்தம் எதுவும் கேட்காது. பிறகு ஒரு நாள் தேவையான குறைந்தபட்ச அளவுக்குக் கீழே ஒரு சிறு துளி இறங்கியதும் எல்லாம் ஒரேயடியாக நிற்கும். நேற்று மாலை வரை நன்றாக ஓடியது என்று உரிமையாளர் சொல்வது முழு உண்மை. அதனால்தான் அவர் மனம் சின்ன பேட்டரியைச் சந்தேகிக்காமல் நேராகப் பெரியதற்குப் போய்விடுகிறது.

ஒரு குறைக்கு ஏன் இத்தனை விளக்குகள்?

காருக்குள் பல கணினிகள் உள்ளன. பிரேக்குக்கு ஒன்று, ஸ்டீயரிங்குக்கு ஒன்று, எஞ்சினுக்கு ஒன்று, ஹைபிரிட் கட்டுப்பாட்டுக்கு ஒன்று. எல்லாம் ஒரே 12 வோல்ட் வயரில் உயிர் வாழ்கின்றன. ஒரே வலையமைப்பில் பேசிக்கொள்கின்றன.

சோர்ந்த பேட்டரியைச் சும்மா அளந்தால் 12 வோல்ட் காட்டலாம். ஆனால் வேலை கொடுத்ததும் வோல்டேஜ் சரியும். இதற்குக் காரணம் உள் தடை: பேட்டரிக்குள்ளேயே மின்சாரத்தை மறிக்கும் தடுப்பு. பழசாக ஆக இது கூடும். உள் தடை கூடிய பேட்டரியிலிருந்து கொஞ்சம் அதிகமாக மின்சாரம் இழுத்தாலும் வோல்டேஜ் பொத்தென்று விழும்.

இதைக் கிட்டத்தில் பார்க்கலாம். சில ஹைபிரிட் கார்களில் ஓட்டுநர் கதவைத் திறந்ததுமே பிரேக் பம்ப் ‘ர்ர்ர்’ என்று ஓடத் தொடங்கும். பிரேக்குக்கு அழுத்தம் சேர்த்து வைப்பதற்காக. மல்டிமீட்டரைப் பேட்டரியில் மாட்டிவிட்டு வேறொருவரைக் கதவைத் திறக்கச் சொல்லுங்கள். நல்ல பேட்டரியில் எண் கொஞ்சம் இறங்கி, பம்ப் நின்றதும் பழைய இடத்துக்குத் திரும்பும். சோர்ந்த பேட்டரியில் 12-இலிருந்து 10-க்கு, சில சமயம் அதற்கும் கீழே சரிவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். உள்விளக்கும் அந்த நொடி மங்கும்.

அந்தச் சரிவுதான் விளக்குகளின் ஊற்று. கணினி ஒவ்வொன்றுக்கும், இதற்குக் கீழே வோல்டேஜ் போனால் என் அளவீடுகளை நம்பாதே என்று ஓர் எல்லை இருக்கிறது. பிரேக் கணினி அந்த எல்லையைத் தொட்டதும் தன் வேலையைக் குறைத்துக்கொண்டு ஏபிஎஸ் விளக்கைப் போடுகிறது. மின்சார ஸ்டீயரிங் தன் விளக்கைப் போடுகிறது. இன்னொரு கணினி அணைந்து மறுபடி எழுகிறது. அந்த நேரத்தில் அதன் பதிலுக்குக் காத்திருந்த மற்றவை ‘தொடர்பு இல்லை’ என்று பதிவு செய்கின்றன. ஆக, விளக்கு எரியும் பாகம் புகார் சொல்லும் பாகம் மட்டுமே. கெட்ட பாகம் வேறாக இருக்கலாம். எச்சரிக்கை விளக்குகளைப் பற்றி இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

இதிலிருந்து வரும் விதி: ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பல விளக்குகள் ஒரே நேரத்தில் எரிந்தால், அவற்றுக்குப் பொதுவானதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பொதுவானது 12 வோல்ட்.

நிறம் சொல்வது என்ன

சிவப்பு என்றால் பாதுகாப்பாக ஓரம் கட்டி நிறுத்து. மஞ்சள் அல்லது ஆம்பர் என்றால் கவனமாக ஓட்டு, சீக்கிரம் பரிசோதி. பச்சையும் நீலமும் தகவல் மட்டும்.

ஒரு விளக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பேட்டரி வடிவச் சிவப்பு விளக்கு ஓடும்போது எரிந்தால், ‘ஹைபிரிட் பேட்டரி கெட்டது’ என்று பலர் படிக்கிறார்கள். பொதுவாக அது 12 வோல்ட் பக்கத்துக்குச் சார்ஜ் போகவில்லை என்பதைச் சொல்கிறது. டிசி-டிசி கன்வெர்ட்டரோ, அதன் ஃபியூஸோ, வயரோ காரணமாகலாம். இந்த நிலையில் கார் சின்ன பேட்டரியில் மிச்சமிருப்பதைத் தின்றுகொண்டுதான் ஓடுகிறது. அது தீர்ந்தால் நடுவழியில் நிற்கும். அடுத்த ஊர் வரை போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டிய விளக்கு இல்லை இது.

மல்டிமீட்டரோடு மூன்று அளவுகள்

மீட்டரை டிசி (நேர் மின்சாரம்) 20 வோல்ட் அளவுக்கு வையுங்கள். சிவப்பு முனை பாசிட்டிவில், கறுப்பு முனை நெகட்டிவில். 12 வோல்ட் பேட்டரியைத் தவிர வேறெதிலும் முனையை வைக்காதீர்கள்.

முதல் அளவு, ஓய்வில். கார் சில மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும். இரவு முழுவதும் என்றால் இன்னும் நல்லது. ஓட்டி நிறுத்தியவுடன் அளந்தால் பேட்டரித் தகட்டின் மேல்பரப்பில் நிற்கும் சார்ஜ் எண்ணைக் கூட்டிக் காட்டும். கதவைத் திறந்ததும் கணினிகள் விழித்துவிடும் என்பதால், டிக்கியில் பேட்டரி உள்ள கார்களில் மற்றக் கதவுகளை மூடிச் சில நிமிடம் காத்திருந்து அளக்க வேண்டும். 12.6 அல்லது அதற்கு மேல் என்றால் நிறைந்த பேட்டரி. 12.4 என்றால் முக்கால்வாசி. 12.2 பாதி. 12.0 கால்வாசி. 11.8-க்குக் கீழே என்றால் ஏறக்குறைய காலி. பழக்கமில்லாதவர்களை ஏமாற்றுவது இந்த இடம்தான்: ‘12 வோல்ட் பேட்டரி 12 வோல்ட் காட்டுகிறது, சரியாகத்தானே இருக்கிறது’ என்று தோன்றும். ஈய-அமில பேட்டரியில் நிறைவுக்கும் காலிக்கும் நடுவே ஒரு வோல்ட்கூட இல்லை. புள்ளிக்குப் பிறகு வரும் எண்தான் செய்தி.

இரண்டாவது அளவு, சுமையோடு. பிரேக்கை மிதிக்காமல் பட்டனை அழுத்தினால் பெரும்பாலான கார்களில் ‘ரெடி’ வராமல் கருவிகள் மட்டும் உயிர் பெறும். விளக்குகளைப் போட்டு ஒரு நிமிடம் எண்ணைக் கவனியுங்கள். கொஞ்சம் இறங்கி 12 பக்கத்தில் நின்றால் நல்லது. 11-ஐத் தாண்டி இறங்கிக்கொண்டே போனால் பேட்டரி சோர்ந்துவிட்டது. ஓய்வில் 12.5 காட்டிவிட்டு இங்கே விழும் பேட்டரியும் உண்டு. சார்ஜ் இருக்கிறது, கொடுக்கும் திறன் போய்விட்டது என்று அர்த்தம். பார்த்ததும் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள்.

மூன்றாவது, ‘ரெடி’ நிலையில். இப்போது டிசி-டிசி கன்வெர்ட்டர் வேலை செய்கிறது. எண் பெரும்பாலும் 13.5-க்கும் 14.5-க்கும் இடையில் இருக்க வேண்டும். எஞ்சின் ஓடாவிட்டாலும் இந்த எண் வரும், ஏனென்றால் சார்ஜ் எஞ்சினிலிருந்து வரவில்லை. ‘ரெடி’ வந்த பிறகும் ஓய்வு அளவே நின்று மெல்ல இறங்கினால் கோளாறு சார்ஜ் போடும் பக்கம். அந்த நிலையில் புது பேட்டரி வாங்கிப் போட்டாலும் அதுவும் காலியாகும்.

ஓய்வு அளவு பேட்டரியில் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும். சுமை அளவு அதனால் எவ்வளவு கொடுக்க முடியும் என்று காட்டும். ‘ரெடி’ அளவு, சார்ஜ் வருகிறதா என்று காட்டும்.

நின்ற காரில் கரையும் சார்ஜ்

பேட்டரி நல்லது, கன்வெர்ட்டரும் நல்லது, ஆனாலும் சில நாள் நிறுத்தி வைத்தால் காலி. அப்படியானால் நிற்கும்போது எதுவோ இழுக்கிறது. பூட்டிய காரிலும் கடிகாரம், திருட்டு அலாரம், சாவியைத் தேடும் கருவி ஆகியவை 20 முதல் 50 மில்லிஆம்பியர் வரை இழுப்பது சாதாரணம்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 50 மில்லிஆம்பியர் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி. ஹைபிரிட் காரின் சின்ன பேட்டரி 45 ஆம்பியர்-மணி கொள்ளளவு என்று வைத்தால், மூன்று வாரத்துக்குள் பாதி போய்விடும். பேட்டரி பழசானால் அதன் உண்மைக் கொள்ளளவு இன்னும் குறைவு. கூடவே நிறுத்தும்போதும் படம் எடுக்கும் கேமரா ஒன்றை மாட்டியிருந்தால், ஓரிரு நாளே தாங்கலாம். ஸ்மார்ட் சாவியைக் காருக்கு அருகிலேயே வைப்பதும் சில கார்களைத் தூங்க விடாது.

இன்னொரு பழக்கம் இதைவிடக் கெடுதல்: ‘ரெடி’க்கு வராமல் கருவிகளை மட்டும் போட்டுப் பாட்டுக் கேட்டபடி உட்கார்ந்திருப்பது. அப்போது சார்ஜ் வருவதே இல்லை, செலவு மட்டும்தான். காத்திருக்க வேண்டுமென்றால் காரைத் திறந்த வெளியில், ‘ரெடி’யில், பார்க்கிங் கியரில் வைத்திருப்பது நல்லது. மூடிய இடத்தில் இதைச் செய்யவே கூடாது; எஞ்சின் தானாக ஓடத் தொடங்கிப் புகை சேரும்.

குறியீடுகளைப் படிக்கும்போது

காரின் கணினிகளில் பதிவானதைப் படிக்கும் ஸ்கேனர் கருவியை மாட்டினால் பிழைக் குறியீடுகள் வரும். பிழைக் குறியீடு என்பது எந்தக் கணினி எதைக் குறையாகக் கண்டது என்பதன் சுருக்க எண். ‘பி0562’ என்றால் 12 வோல்ட் பக்கத்தில் வோல்டேஜ் குறைவு. ‘யு0100’ என்றால் எஞ்சின் கணினியோடு தொடர்பு அறுந்தது. ‘யு’வில் தொடங்கும் குறியீடுகள் கூட்டமாக வந்தால் பெரும்பாலும் வோல்டேஜ் சரிந்ததன் தடயங்கள்.

‘பி0ஏ80’ வேறு ரகம். ஹைபிரிட் பேட்டரியை மாற்று என்பதே அதன் அதிகாரப்பூர்வ விளக்கம். ‘பி0ஏஏ6’ என்றால் உயர் அழுத்தப் பகுதிக்கும் காரின் உடலுக்கும் இடையே மின்சாரம் கசியாமல் தடுக்கும் மின்காப்பு பலவீனமாகியிருக்கிறது. அதை வீட்டில் வைத்து ஆராயக் கூடாது.

என் யோசனை இது: 12 வோல்ட் பேட்டரியைச் சரி செய்யும் வரை எந்தக் குறியீட்டையும் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டு, பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்து, குறியீடுகளை அழித்து, சில நாள் ஓட்டிப் பாருங்கள். திரும்பி வருவது எதுவோ அதுதான் உண்மைக் குறை.

பெரிய பேட்டரியே கெட்டிருந்தால்

அதன் அறிகுறிகள் வேறு. கார் வழக்கம்போல ‘ரெடி’க்கு வரும். ஆனால் திரையில் சார்ஜ் அளவு சில நிமிடங்களிலேயே நிறைந்து, உடனே காலியாகும். எஞ்சின் தேவையில்லாத நேரத்திலும் ஓடும். பேட்டரியைக் குளிர்விக்கும் விசிறி உரக்கச் சுற்றும். எரிபொருள் செலவு ஏறும்.

இதன் காரணம் எளியது. செல்கள் வரிசையாகக் கோக்கப்பட்டவை; எல்லாவற்றின் வழியாகவும் ஒரே மின்சாரம்தான் ஓடுகிறது. ஒரு செல் பலவீனமானால் அது சீக்கிரம் நிறைந்து சீக்கிரம் காலியாகும். மொத்தக் கோவையும் அதற்காக நிறுத்த வேண்டியிருக்கும். மேலே சொன்ன பிரியஸில் கணினி 28 தொகுதிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து 14 அளவுகளாகப் பார்க்கிறது. முடுக்கும்போது 13 ஒன்றாக இறங்க, ஒன்று மட்டும் மற்றவற்றைவிட ஒரு வோல்ட்டுக்கு மேல் கீழே நின்றால், அங்கே ஒரு செல் செத்துவிட்டது என்று கிட்டத்தட்ட சொல்லிவிடலாம். ஒரு செல் 1.2 வோல்ட்தானே.

எனவே பெரிய பேட்டரியை மாற்ற வேண்டும் என்று சொல்லப்பட்டால், இந்த அளவுகளைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். ஓய்வில் எடுத்தது போதாது, ஓட்டும்போது எடுத்தது வேண்டும். அதோடு குளிர்விக்கும் விசிறியின் காற்று நுழையும் வாயையும் பார்க்கச் சொல்லுங்கள். பல கார்களில் அது பின் சீட்டுப் பக்கம் இருக்கும். துணியோ பையோ மறைத்திருக்கும், தூசியும் நாய்முடியும் அடைத்திருக்கும். சூடு பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும்.

நீங்களாகத் திறக்க வேண்டாம். நேர் மின்சாரத்தில் 60 வோல்ட்டுக்கு மேல் ஆபத்து என்றே வாகன விதிகள் கருதுகின்றன. இங்கே இருப்பது அதைப்போல் பல மடங்கு. ஆரஞ்சு நிற வயர் எங்கே தெரிந்தாலும் அங்கே கை வைக்கக் கூடாது. காரை அணைத்த பிறகும் உள்ளே உள்ள மின்தேக்கிகளில் சிறிது நேரம் சார்ஜ் நிற்கும். மின்காப்புக் கையுறையும் பயிற்சியும் உள்ளவர்களின் வேலை இது.

எழுப்பும்போதும் மாற்றிய பிறகும்

12 வோல்ட் காலியான ஹைபிரிட்டை இன்னொரு காரிலிருந்து வயர் போட்டு எழுப்பலாம். அதிக மின்சாரம் தேவைப்படாது. கையேட்டில் இதற்கென்று சொன்ன முனையையே பயன்படுத்துங்கள். பாசிட்டிவ், நெகட்டிவ் மாறிவிட்டால் ஃபியூஸோடு போகாமல் விலை உயர்ந்த மின்னணுப் பெட்டிகளும் போகலாம். உங்கள் ஹைபிரிட்டிலிருந்து வேறொரு காரை எழுப்ப நினைத்தால், கையேடு அனுமதித்தாலன்றி வேண்டாம். ஸ்டார்ட்டர் மோட்டார் கேட்கும் மின்சாரத்துக்காக இந்தக் கன்வெர்ட்டர் செய்யப்படவில்லை.

புது பேட்டரி வாங்கும்போது கையேடு சொல்லும் வகையையே வாங்குங்கள். பேட்டரி பயணிகள் இருக்கும் பகுதிக்குள் இருந்தால், சார்ஜ் ஆகும்போது வரும் வாயு வெளியே போக ஒரு சிறு குழாய் இருக்கும். புதியதிலும் அந்தக் குழாய் சேர வேண்டும். மாற்றிய பின் ஜன்னல் கண்ணாடி தானாக ஏறாமல் போகலாம், கடிகாரம் தவறாகக் காட்டலாம். கையேட்டில் உள்ளபடி திரும்ப அமைத்தால் சரியாகிவிடும். சில விளக்குகள் உடனே அணையும், சில நாலைந்து முறை ஓட்டிய பிறகு அணையும். அதற்குப் பிறகும் எரியும் விளக்கு இருந்தால், அதன் குறியீட்டை எழுதிக்கொண்டு பயிற்சி உள்ள மெக்கானிக்கிடம் போங்கள். மூன்று வோல்டேஜ் அளவுகளையும் கூடவே சொல்லுங்கள்.